டயரில் வைத்த நான்கு வெள்ளைப் புள்ளிகள்

ஒரு சின்ன டின் வெள்ளைப் பெயின்ட்டும் ஒரு பிரஷும் இருந்தால் பணக்காரனையும் இல்லாதவனையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடலாம் என்று நான் ஒரு காலத்தில் மனதார நம்பினேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வயதில் இப்படி நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது தாராளமாகவே இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பூச்சோங் பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குழி ஒன்றை நிரப்பித் தார் போட்டு வைத்திருந்தார்கள். தொழிற்சாலை வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. நாங்கள் வந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாலையில் தடுப்புக்கு வைக்கும் பிளாஸ்டிக் கோன்களை வளைத்து வளைத்து அடுக்கி, ஒவ்வொரு காராக விட்டு, யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார் என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்ப்போம். கிளப் என்று பெயர். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரையும் சேர்த்தும் இருபது பேர் தேறமாட்டோம். நான் செயலாளர். நான் ஓட்டினால் கோன்கள் உயிரோடு இருப்பதில்லை என்பதால் கையில் பேனாவைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள்.

உண்மையில் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் என் நண்பன், பிரிக்பீல்ட்ஸில் சின்ன வொர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக். அவனிடம் ஒரு பழைய டட்சன் கார் இருந்தது. மற்றவர் கிள்ளானில் பல் மருத்துவர். டாக்டர் மூன்று பந்தயத்துக்கு ஒருமுறை புது டயர் மாட்டி வருவார். மெத்தென்ற ரப்பர், தரையை விடாது, ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் வழுக்கையாகிவிடும். அவரைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். என் நண்பனும் ஒருநாள் தேநீர்க் கடையில், "இந்த வருசத்தோட நானும் நிப்பாட்டிக்கிறேன் மச்சான். பிள்ளைங்க காலுக்கு சப்பாத்து வாங்கறதா, காடிக்கு டயர் வாங்கறதா?" என்றான்.

அந்தக் கேள்வியில்தான் நான் விதி எழுதும் மேதையானேன். வருஷத்துக்கு ஒரு காருக்கு நான்கே டயர். சாதாரணக் கடையில் கிடைக்கும் டயர். முதல் பந்தயத்தன்று செயலாளர், அதாவது நான், நான்கிலும் வெள்ளைப் பெயின்ட்டில் புள்ளி வைத்து எண் எழுதுவேன். குறியில்லாத டயரோடு வந்தால் அந்த வருஷம் பந்தயங்களில் எடுத்த புள்ளிகள் அத்தனையும் போச்சு. கூடவே ஒரு டயர்க் கடைக்காரரைப் பிடித்து, வருஷ முடிவில் முதலிடம் வருபவருக்கு அடுத்த வருஷத்துக்கான நான்கு டயரும் இலவசம் என்று சம்மதிக்க வைத்தேன். அந்த நான்கு டயர் யாருக்குப் போக வேண்டும் என்று நான் மனதுக்குள் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன். அது கிடைத்தால் நண்பன் தொடர்ந்து ஓட்டுவான்.

எச்சரித்தது அவனேதான். "பெயின்ட் நிக்காது மச்சான். இரும்பைக் காய்ச்சி லேசா சூடு போட்டுரு."

"டயர் வெடிச்சு என் மூஞ்சியில அடிச்சா?"

"காத்தை இறக்கிட்டுப் போடுடா. எப்படி வெடிக்கும்?"

"வேணாம்லா. எனக்கு இருக்கறது ஒரு மூஞ்சி."

இப்படியாக, கிளப்பின் நேர்மை என் மூஞ்சியைக் காப்பாற்றுவதற்காகப் பெயின்ட்டில் எழுதப்பட்டது. டாக்டர் மறுப்பே சொல்லவில்லை. "நல்ல ரூல்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி பார்ப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "எங்கப்பாவே காடி ஓட்டிக்கிட்டு வந்தாலும் குனிஞ்சு பார்த்துட்டுத்தான் விடுவேன்" என்றேன். எங்கப்பாவுக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும்.

விதி வேலை செய்தது. போனவர்களில் நாலைந்து பேர் திரும்பி வந்தார்கள். வருஷம் முடிய இரண்டு பந்தயம் மிச்சமிருக்க, நண்பன்தான் முன்னால் இருந்தான். டாக்டர் அவனுக்குப் பின்னால்.

அப்போது ஆயுத பூசை வந்தது.

பூசைக்கு முதல்நாள் மத்தியானம் வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். நண்பன் ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, அலுவலகத்தில் என் மேலதிகாரி தூங்கும் விதங்களை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "சும்மா வாய் அடிக்காம அந்த டட்சன் டயரைத் துடைடா" என்று ஒரு துணியை எறிந்தான். துடைத்தேன். மண்ணெண்ணெய் தொட்டு நான்கு டயரையும் துடைத்து, கறுப்பு சப்பாத்து பாலிஷ் போட்டு, முகம் தெரிகிற மாதிரி தேய்த்தேன். வாய் மேலதிகாரியின் நான்காவது வகைக் குறட்டையில் இருந்தது. கை என்ன செய்கிறது என்று கண் பார்க்கவில்லை. மறுநாள் பூசையில் ஒவ்வொரு டயருக்கும் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் காரை முன்னால் எடுத்தபோது கைதட்டியதும் நான்தான். சுண்டலை இரண்டு முறை வாங்கித் தின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூச்சோங்கில் லேசான தூறல். சந்தனம் கரைந்து போயிருந்தது. நான் நோட்டோடு வரிசையாகக் குனிந்து குறி பார்த்துக்கொண்டே வந்து டட்சனிடம் குனிந்தேன். முன் டயரில் ஒன்றுமில்லை. பின் டயரிலும் இல்லை. மறுபக்கம் ஓடினேன். அங்கேயும் இல்லை. அதே டயர்கள்தான். இடது பின் டயரில் ஆணி குத்தி ஒட்டுப் போட்ட இடம் எனக்கே தெரியும். ஆனால் விதியில் ஒட்டைப் பற்றி எதுவும் இல்லை. எழுதியவன் நான்.

"என்ன செயலாளரே, ரொம்ப நேரமா டயரைக் கொஞ்சிக்கிட்டிருக்கீங்க?" டாக்டர் பின்னால் வந்து நின்றார். இன்னும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவர் குனிந்து பார்த்தார். "மார்க் எங்கே?"

நான் சொல்ல வேண்டியது ஒரே வரி. "நான்தான் துடைச்சேன்." அவ்வளவுதான். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று என் மண்டை ஒரு முழுப் படமே ஓட்டியது. செயலாளரும் மெக்கானிக்கும் கூட்டு என்பார்கள், விதியைக் கிழிப்பார்கள், கிளப் கலையும், நாளை கிள்ளான் முழுக்க என் பெயர் நாறும், எனக்குப் பல் வலி வந்தால்கூடப் போக இடமிருக்காது.

பயந்தால் எனக்கு வாய் தானாகத் திறக்கும். "ஆயுத பூசைக்கு வந்த சாமி, மார்க்கையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிருச்சு போல டாக்டர்."

எல்லாரும் சிரித்தார்கள். மலாய் நண்பர் ஒருவர், பக்கத்திலிருந்தவரிடம் விளக்கம் கேட்டுவிட்டுத் தாமதமாகச் சிரித்தார். நண்பன் சிரிக்கவில்லை. அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் பாலிஷ் இன்னும் கறுப்பாக இருந்தது. நான் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டேன்.

"அப்போ ரூல் என்ன சொல்லுது?" என்றார் டாக்டர்.

நோட்டைத் திறந்து வாசித்தேன். என் கையெழுத்து மிக அழகாக இருந்தது.

"சரி. ரூல்னா ரூல்" என்றான் நண்பன். உடனே போய்விடவும் இல்லை. பந்தயம் முடியும்வரை இருந்து, விழுந்த கோன்களையெல்லாம் எடுத்து நிறுத்தினான். பிறகு வீட்டுக்குப் போனான். கடைசிப் பந்தயத்துக்கு வரவில்லை. நான் பிரிக்பீல்ட்ஸ் பக்கமே போகாமல், வீட்டுக்கு வேறு வழியில் பஸ் மாறிப் போனேன்.

வருஷ முடிவில் கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு. டாக்டருக்கு டயர் நான்கையும் கொடுத்தோம். பாயசம் வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கையை இலையில் வைத்தபடி என்னையே பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேலா. நானே புதுசா மார்க் போடச் சொல்லியிருப்பேன். அவன்கூட ஓட்டி ஜெயிக்கத்தானே நான் வரேன்? நீங்க ஜோக் அடிச்சீங்க. உங்களுக்கே அவன் மேல சந்தேகம்னு நான் நினைச்சேன்."

மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினேன். நண்பன் ஒரு லோரிக்குக் கீழே படுத்திருந்தான். தலையை நீட்டி, "பசியாறிட்டியா?" என்றான், நேற்றுத்தான் பார்த்ததுபோல.

"டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்டா. டயரைத் திருப்பிக் குடுக்கறேன்னு சொல்றாரு. நீ ஏன்டா அன்னைக்கு வாயைத் திறக்கல?"

"நான் சொன்னா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீ சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

டட்சன் நிற்கும் மூலையைப் பார்த்தேன். தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பே காரை டெங்கில் பக்கம் ஒருவருக்கு விற்றிருந்தான், நான்கு டயரோடு. அதற்குப் பிறகு அவன் பந்தயம் ஓட்டவில்லை.