அரைப்புள்ளிக்குப் பிறகு

தொழிற்சாலைகள் நிறைந்த வல்லம் வடகாலில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் ஜெபக்கூடம் இருந்தது. ஞாயிறு ஆராதனையில் திரையில் வசனம் போடுவது என் வேலை. பாட்டு, வசனம், அறிவிப்பு என்று மடிக்கணினியில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பேன். பாஸ்டர் கண் காட்டியதும் அடுத்ததற்குப் போவேன். வார நாட்களில் நான் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அதனால், "சிஸ்டர் கையில தப்பே வராது" என்று பாஸ்டர் எல்லோர் முன்னாலும் சொல்வார்.

சனிக்கிழமை மதியம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் பட்டியல் வரும். அதிகாரம், வசனம், பக்கத்தில் பெரும்பாலும் ஒரே சொல்: முன்பகுதி. வசனத்தின் முதல் பாதி போதும் என்று அர்த்தம். வேதாகமத் தமிழில் ஒரு வசனத்துக்குள் அரைப்புள்ளிகள் நிறைய வரும். அதற்குப் பிறகு உள்ளதை அழித்துவிட்டு, அரைப்புள்ளியை முற்றுப்புள்ளியாக மாற்றிவிடுவேன். இரண்டு வருடம் இதைச் செய்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட விட்டதில்லை என்று பெருமை வேறு.

என்னோடு ஒரே அறையில் ஒரு அக்கா தங்கியிருந்தாள். இருவருமே தூத்துக்குடிப் பக்கம். அவளுக்கு ஒயரிங் லைனில் ஒப்பந்த வேலை. கணவன் சூடான அயர்ன் பாக்ஸை அவள் முழங்கையில் வைத்து அழுத்திய பிறகு, இரண்டு சுடிதாரோடு பஸ் ஏறி வந்தவள். இது சபையில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தழும்பின் மேல் பாஸ்டரம்மாவே எண்ணெய் பூசி ஜெபித்திருக்கிறார்.

ஒரு புதன்கிழமை பாஸ்டர் அக்காவைக் கூப்பிட்டார். "உங்க வூட்டுக்காரரு ஞாயித்துக்கெழம வர்றாரும்மா. மனந்திரும்பிட்டாரு. ஆராதன முடிஞ்சதும் ஜெபம் பண்ணி ரெண்டு பேரையும் அனுப்பி வெச்சிடலாம்." அவர் கேட்கவில்லை, அறிவித்தார்.

அறைக்கு வந்ததும், "போவியாக்கா?" என்றேன்.

"வேதத்துல அப்படித்தான இருக்கு? நான் என்னட்டி செய்ய?"

அந்தச் சனிக்கிழமைப் பட்டியலில் பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகத்திலிருந்து ஒரு வசனம் இருந்தது. பக்கத்தில் அதே சொல். மனைவியை விலக்கித் தள்ளிவிடுவதைக் கடவுள் வெறுக்கிறார் என்பது முன்பகுதி. வழக்கம்போல மீதியை அழிக்கப் போனவள், முதல் தடவையாக வாசித்தேன். கொடுமையை ஆடைபோல் போர்த்திக்கொள்கிறவனைப் பற்றி அதே மூச்சில் சொல்லியிருந்தது. அதற்கு மேலே உள்ள வசனங்களையும் பார்த்தேன். அந்தப் பகுதியே மனைவிக்குத் துரோகம் செய்கிற ஆண்களைக் கண்டிப்பதுதான். அதை வெட்டி ஒரு பெண்ணுக்குக் கட்டளையாக்கியிருந்தார்கள்.

பழைய கோப்புகளைத் திறந்து, திரையில் வந்ததையும், நான் அழித்ததாலோ பாஸ்டர் கேட்காததாலோ வராததையும் பட்டியல் போட்டேன். மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும், இருக்கிறது. கணவன் மனைவிக்காக உயிரையும் கொடுக்க வேண்டும், இல்லை. பிள்ளைகள் பெற்றோருக்கு அடங்க வேண்டும், இருக்கிறது. தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் கோபமூட்டக்கூடாது, இல்லை. வேலைக்காரர் எஜமானுக்குப் பணிய வேண்டும், இருக்கிறது. எஜமான் மிரட்டக்கூடாது, இல்லை. முன்வரிசையில் எப்போதும் மூன்று லேபர் கான்ட்ராக்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பதினேழாவது வரியோடு நிறுத்திவிட்டேன்.

தொழிற்சாலையில் ஒரு பாகத்தை ஆறு இடங்களில் அளக்க வேண்டும். சரியாக வருகிற ஒரே இடத்தை அளந்து ஆறு கட்டங்களிலும் எழுதினால் அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள். அதைத்தான் நான் இங்கே ஸ்தோத்திரம் சொல்லிச் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வசனத்தை வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், மடியில் ஜிலேபிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தான். பிரசங்கத்தின் முடிவில் பாஸ்டர், "எல்லாரும் சத்தமா சேர்ந்து வாசிப்போம்" என்றார். எங்கள் சபைக்கு ஒரு பழக்கம்: திரையில் எதுவரை இருக்கிறதோ அதுவரை வாசிக்கும். அரைப்புள்ளியில் பாஸ்டரின் குரல் மட்டும் நின்றது. சபை நிற்கவில்லை. ராகம் மாறாமல் கொடுமை வரைக்கும் போனது. எல்லோரையும் மிஞ்சிக் கேட்டது அவன் குரல்தான்.

"இன்னாம்மா, அடுத்தது போடு."

"இதான் பாஸ்டர் கடைசி."

ஜெபத்துக்குக் கூப்பிட்டபோது அக்கா செருப்பு மாட்டியிருந்தாள். "நான் போவல பாஸ்டர்."

"வேதம் இன்னா சொல்லுதுன்னு இப்பதானேம்மா படிச்சோம்?"

"படிச்சேன். அவரும் படிச்சாரு, எல்லாரையும்விட சத்தமா."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வாட்டி, அங்க வச்சிக்கிடுதேன்" என்றான். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. பாஸ்டருக்கும் கேட்டது. பாஸ்டரம்மா பொட்டலத்தைப் பிரித்து நீட்ட, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஜிலேபிப் பாகு விரலில் வழிய, ஒரு அம்மா அக்காவிடம், "கொஞ்சம் தாழ்மையா போயேம்மா" என்றார்.

நாங்கள் இருவரும் படியிறங்கினோம். அவன் தனியாக பஸ் ஏறியதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

சாயங்காலம் சபைக் குழுவில் பாஸ்டரின் செய்தி வந்தது. இன்றைய வசனத்தில் டைப்பிங் மிஸ்டேக் நேர்ந்துவிட்டது, முன்பகுதியை மட்டும் தியானிக்கவும். கீழே வரிசையாக ஆமென்கள்.

அக்கா என் போனை வாங்கிப் படித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ஏட்டி, இத்தன வருசத்துல உன் கையில ஒரு தப்பு வந்துட்டே!"