முந்தானையில் முடிந்த சாவி

பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, போன சனிக்கிழமை தனியாகத் திருநள்ளாறு போனேன். குளத்தில் முழுகி, கட்டியிருந்த பழைய புடவையை வழக்கப்படி அங்கேயே விட்டுவிட்டு, தரிசனம் முடித்து எங்கள் ஊர் கோவில்பத்துக்கு பஸ் ஏறினேன்.

பின் சீட்டில் இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"எங்க வூட்டுக்காரரு பேன்ட்டோட பைக் சாவியையும் விட்டுட்டாருக்கா. போய் எடுங்கன்னா, திரும்பிப் பாத்தா சனி கூடவே வந்துடும்கிறாரு!"

"அப்ப வண்டி?"

"புது வேட்டியக் கட்டிக்கிட்டு தள்ளிக்கிட்டு வராரு!"

நானும் சிரித்தேன். சிரித்தபடியே கை முந்தானைக்குப் போனது. வீட்டுச் சாவியை முடிந்து வைத்திருந்தது பழைய புடவையில்!

மாமியாருக்குப் புரையேறினால்கூடத் தூக்கிவிட ஆளில்லை. கத்தி பஸ்ஸை நிறுத்தி, குளத்துக்கு ஓடினேன். ஈரத்துணிக் குவியலை அழுதுகொண்டே புரட்டினேன். "அதெல்லாம் தொடாதீங்கம்மா" என்று யாரோ அதட்டினார்கள். கடைசியில் என் பச்சைப் புடவை கிடைத்தது.

கதவைத் திறந்ததும் மாமியார், "பிரசாதம் எங்கடி?" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் இன்னொரு சாவி கொடுக்காமல் வாசல் தாண்டுவதில்லை. சனி கூடவே வந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பூட்டிய வீட்டில் மாமியாருக்கு ஒரு துணை.