ஒரு சொல் குறையாமல்

அக்கா, தான் மடிக்கும் ஒவ்வொரு சட்டையின் காலரையும் அளவு நாடா வைத்துப் பார்த்த பிறகுதான் பெட்டியில் வைப்பாள். அவளுக்குப் பெருமை இரண்டு: அந்தக் காலர், அப்புறம் தங்கை. தங்கைக்கும் அந்த ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் அதே கூடத்தில்தான் வேலை. சட்டைகளைச் சோதிக்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த கண்ணாடியம்மா இங்கிலீஷில் சொல்வதை அவள் தமிழில் எடுத்துச் சொல்வாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

கண்ணாடியம்மாவுக்குக் கோபம் வராது, கேலிதான் வரும். பொத்தானை மாற்றிப் போட்டு மடிப்புத் தேய்த்த இஸ்திரிக்காரரைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"மேசை டிராயர்ல இருக்கிற கத்தியிலேயே நீங்கதான் ரொம்பக் கூர்மைன்னு சொல்ல முடியாதாம்ணே," என்றாள் தங்கை.

"இவ்வளவுதானா? அந்தம்மா மூஞ்சியப் பார்த்தா இன்னும் நிறைய சொன்ன மாதிரி இருக்கு. பாதிய முழுங்கிட்டியா?"

"அவங்க ஊர்ல இதுவே பெரிய திட்டுண்ணே. புத்தி மழுங்கல்னு அர்த்தம்."

"கத்தியாம் கரண்டியாம்! இனிமே ஒரு வார்த்தை குறையட்டும், நேரா மேனேஜர்கிட்ட போயிடுவேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் மாத்திரையைக்கூட முழுங்காத பிள்ளையையா இப்படிச் சொல்வது?

மறுநாள் எல்லோரும் பெட்டிகளை ஒட்டிவிட்டார்கள். அக்கா மட்டும் நாடாவும் கையுமாக நின்றாள். கண்ணாடியம்மா அவளிடம் வந்து சிரித்தபடி நீளமாக ஒன்று சொன்னார். தங்கையின் வாய் திறந்து மூடிக்கொண்டது.

"ஒண்ணுமில்லக்கா. மெதுவா செய்றியாம்."

இஸ்திரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவ்வளவு பேச்சுக்கு இத்தனூண்டா? அக்கான்னதும் முழுங்கிட்டா, பாத்தீங்களா!"

அக்காவின் காது சிவந்தது. "நான் என்ன தொட்டாச்சிணுங்கியா? உள்ளதைச் சொல்லுடி."

தங்கை தரையைப் பார்த்துச் சொன்னாள்: "உன் சாவுக்கே நீ லேட்டாத்தான் போய்ச் சேருவியாம்."

அக்கா நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு யோசித்தாள். எதிலும் அவசரப்படுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"நல்ல வாக்குதானே? அப்ப என் ஆயுசு கெட்டி. அவங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்னு சொல்லு."

தங்கை அதையும் ஒரு சொல் குறையாமல் இங்கிலீஷில் சொன்னாள். எதற்குத் தன் வாயில் சர்க்கரை என்று கண்ணாடியம்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இஸ்திரிக்காரர் கனைத்தார். "ஏம்மா, என்னையும் அதே மாதிரி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லேன்."

"அவங்க சொல்லலையேண்ணே," என்றாள் தங்கை. "நானா சேர்த்துச் சொன்னா நீங்க மேனேஜர்கிட்ட போயிடுவீங்க."

அக்கா அடுத்த காலருக்கு நாடாவைப் பிரித்தாள்.