ஹீட்டர் போட்ட மத்தியானங்கள்

பன்வில பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கண்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் ஒன்றைச் சில வருஷங்கள் ஓட்டினேன். வேன் என் கணவருடையது. மழைக்கு முன்னே கூரைத் தகரத்தை மாற்றிவிடலாமென்று ஏறியவர் தவறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். நெடுநேரம் உட்காரவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். என்னிடம் லைசன்ஸ் இருந்தது. கல்யாணமான புதிதில் அவரே ஆசையாகக் கற்றுக்கொடுத்து எடுத்துத் தந்தது. அப்படித்தான் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது.

காலையில் கஷ்டம் இல்லை. பாதை இறக்கம்; குளிர் காற்று எதிரே அடிக்கும்; பிள்ளைகளும் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். மத்தியானம்தான் பாடு. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கண்டி டவுனுக்குள் வாகனங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அங்கேயே எஞ்சின் பாதி சூடாகிவிடும். வத்தேகம தாண்டியதும் ஏற்றம். முன்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று மாட்டிக்கொண்டால் போச்சு. அது ஊர்ந்து போகும். நாமும் பின்னால் ஊர வேண்டும். ரேடியேட்டரில் காற்றே படாது. டாஷ்போர்டில் இருக்கும் சூட்டு ஊசி மெல்ல மெல்ல மேலே போகும்.

வேன் பழசு. சூடேறாமல் கொண்டுபோவதற்கு என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று என் கணவர் கட்டிலில் படுத்தபடியே சொல்லிக்கொடுத்தார். விடிகாலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீர் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் அப்பியிருக்கும் சேற்றையும் பூச்சிகளையும் கழுவி எடுக்க வேண்டும். ஏற்றத்தில் பெரிய கியரில் திணறவிடாமல் இரண்டாவதிலேயே போக வேண்டும். லொறிக்கு ஒட்டிப் போகாமல் இடைவெளி விட வேண்டும். ஊசி பாதியைத் தாண்டினால் ஹீட்டரைப் போட வேண்டும். எஞ்சினின் சூட்டை அது வேனுக்குள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியும் ஏறினால் நிழல் பார்த்து ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தாமல் சும்மா ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் செய்தேன். வெயில் காலத்தில், வேன் நிறையப் பிள்ளைகளோடு, ஹீட்டரையும் போட்டுக்கொண்டு மலை ஏறியிருக்கிறீர்களா? சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் சப்பாத்தையும் கால்மேஸையும் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள்.

"ஆன்ட்டி, வேகுது ஆன்ட்டி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"கொஞ்சம் பொறுங்க, அந்த வளைவு தாண்டுனதும் நிப்பாட்டுறேன்" என்பேன். தினமும் இதே பேச்சுத்தான்.

எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வீட்டு வாசலில் வேனை நிறுத்தும்போது கால் இரண்டும் மரத்திருக்கும். கதவைத் திறந்து உள்ளே வைத்த அடி தரையில் படுவதற்குள் கட்டிலிலிருந்து கேள்வி வரும்.

"ஊசி எங்க நின்னுச்சு?"

முதலில் இதுதான். பிறகுதான் மற்றதெல்லாம். முதல் சில மாதம் சரியாகச் சொன்னேன். பிறகு பாதிக்குக் கீழே என்று எதையாவது சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விடுவேன். அவர் மேல் கோபமில்லை. படுத்துக் கிடக்கிற மனிதருக்கு வேனைப் பற்றி யோசிப்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஆனாலும் அலுத்துவிட்டது.

ஒரு மத்தியானம் ஏற்றத்தின் பாதியில் படாரென்று ஒரு சத்தம். முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி பீறிட்டு வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். எஞ்சினை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, எல்லோரையும் இறக்கிப் பாதையோரத்துப் பலா மரத்தடிக்குக் கொண்டுபோனேன். தலைகளை எண்ணினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எழும்ப மனமில்லை.

மேலே இருந்த வீட்டிலிருந்து ஒரு சிங்களப் பெண் வாளி நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தாள். நேரே வேனுக்குத்தான் போனாள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பே வெடித்துவிடும். "எபா, எபா! வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு எழும்பினேன். அவள் திகைத்து நின்றாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "எஹெனம் ளமயின்ட்ட", அப்படியென்றால் பிள்ளைகளுக்கு, என்று வாளியை மரத்தடிக்குக் கொண்டுபோனாள். பிள்ளைகள் முகம் கழுவினார்கள், சண்டை போட்டுக்கொண்டு குடித்தார்கள்.

வீட்டுக்கு போன் எடுத்தேன்.

"வேன் நின்னுருச்சுங்க. குழாய் வெடிச்சுருச்சு."

"ஊசி எங்க நின்னுச்சு? முன்னாடியே பாத்திருப்பியே."

"நான் புள்ளைங்கள பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை.

வேனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அடுத்து வந்த பன்வில பஸ்ஸை மறித்துப் பிள்ளைகளை ஏற்றினேன். கண்டக்டர் முணுமுணுத்தாலும் நெருக்கி இடம் பண்ணிக்கொடுத்தார். எனக்கு ஜன்னலோரம் ஒரு இடம் கிடைத்தது. வேறு யாரோ ஓட்டுகிறார்கள், வேறு யாரோ கியர் மாற்றுகிறார்கள் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். பிள்ளைகளில் மூத்தவள் தோளை உலுக்கினாள்.

"ஆன்ட்டி, எறங்கணும். சின்னவங்கள எல்லாம் நானே எறக்கி விட்டுட்டேன். அவங்க அம்மாமாரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

வெட்கமாக இருந்தது. அந்தத் தூக்கம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாமென்றும் இருந்தது.

பஸ் நிற்கும் இடத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். ஊன்றுகோலோடு வீட்டிலிருந்து அந்த மேட்டை எப்படி ஏறினாரோ. முகமெல்லாம் வேர்வை. "புள்ளைங்க எல்லாம் வீடு போய்ச் சேந்துருச்சா?" என்றார். சேர்ந்துவிட்டார்கள் என்றேன். இருவரும் மெதுவாக வீட்டுக்கு இறங்கினோம்.

குழாய் மாற்றி, ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து வேன் வந்ததும், ஒரு நாள் தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாமென்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்து முன் சீட்டில் உட்காரவைத்தேன். திரும்பி வரும்போது கொழுந்து லொறி சொல்லிவைத்தாற்போல் முன்னால் வந்து சேர்ந்தது. ஹீட்டரைப் போட்டேன். பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். வழக்கமான நிழலில் ஓரங்கட்டினேன்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "தெனமும் இப்படித்தானா?" என்றார்.

"வெயில்னா இப்படித்தான்."

"சொல்லவே இல்லையே."

"நீங்க ஊசிய மட்டுந்தானே கேட்டீங்க."

அவர் பின்னால் திரும்பி, அழுதுகொண்டிருந்த சின்னவனிடம் கையை நீட்டினார். அவன் ஈரமான கால்மேஸைத் தூக்கி அவர் கையில் கொடுத்தான். அதை வைத்துக்கொண்டே வீடு வரை வந்தார்.

அந்த வாரமே பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பேசினார். பெரிய பிள்ளைகளை பஸ்ஸில் அனுப்பச் சொன்னார், பாரம் குறைந்தது. சிலருக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் ஊசி பழையபடி ஏறவில்லை. நான் நிறுத்தும் நாட்களும் குறைந்தன. களைப்பு மட்டும் குறையவில்லை. அது எஞ்சினால் மட்டும் வந்ததில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

என் களைப்பு தீராததால் கடைசியில் வேனை விற்றோம். கெலிஓயாவிலிருந்து மரக்கறி வியாபாரி ஒருவர் வந்தார். என் கணவர் அவரை முற்றத்தில் கதிரை போட்டு உட்காரவைத்து, வேனின் குறையை ஒளிக்காமல் சொன்னார். எப்படி ஏற வேண்டும், எப்போது ஆறவைக்க வேண்டும் என்று ஆதியோடந்தமாக விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நமக்கு அங்கிட்டு ஏத்தமே இல்லைங்க அண்ணே, எல்லாம் ஆத்தோரம்" என்றார்.

என் கணவர் அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அவருக்கு நேரமாகுது, விடுங்க" என்றேன். வியாபாரி சிரித்துக்கொண்டே எழும்பி, மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினார்.