ஒரு தையலும் ஒரு மனுவும்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்த வாரம் அது. பஸ் ஓடவில்லை, கோர்ட் நடக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஆறு கட்டில் போட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். நோயாளிகள் வர வழியில்லாததால் டாக்டருக்கு வேலை இல்லை. அவரைத் தேடி, வேலை இல்லாத வக்கீல் ஒருவரும், ஓய்வு பெற்றுவிட்டதால் எப்போதுமே வேலை இல்லாத தலைமையாசிரியர் ஒருவரும் தினமும் வந்தார்கள். மூவரும் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மரம் வெட்டுகிறவர்களுக்கு நாகரிகம் தெரியாது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் டீ கொண்டுபோய் வைப்பேன். நர்ஸ் வேலையில் அதுவும் சேர்த்தி என்று டாக்டர் நினைத்திருந்தார்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நைனார்பாளையத்து முஸ்லிம்; புடவை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கல்வராயன் மலை ஊர்களுக்குப் போய் விற்கிறவர். பின்னால் அவர் மனைவி. அவள் மடியில் ஏழு வயது மகன், இடுப்பைச் சுற்றி ஒரு வேட்டி. வீட்டிலிருந்து கிளம்பும்போது அது வெள்ளையாக இருந்திருக்கும்.

"காலைல சுன்னத்து பண்ணாங்க டாக்டர். அறுத்துவிட்ட ஒஸ்தா துணிய எரிச்சு சாம்பல வெச்சு கட்டனாரு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது" என்றார் அவர்.

டாக்டர் எழுந்து வந்து வேட்டியை விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பையனிடம் குனிவார் என்று நினைத்தேன். நண்பர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இந்தக் காலத்துலயும் இது நடக்குது."

தலைமையாசிரியர் உச்சுக் கொட்டினார். சட்டம் போட்டுத் தடுத்தால்தான் இவர்கள் திருந்துவார்கள் என்றார் வக்கீல். விவரம் தெரியாத குழந்தையின் உடம்பில் கத்தி வைக்கப் பெற்றவனுக்கு என்ன உரிமை என்று கேட்டார் டாக்டர். நல்ல கேள்வி. அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் வைத்த பஞ்சு நனைந்துவிட்டது. அடுத்த பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தையல் போட்டுட்டுப் பேசுங்க டாக்டர்" என்றேன். முறைத்தார். வந்தார். அடிப்பக்கத்துச் சின்ன ரத்தக்குழாய் ஒன்றுதான் வெட்டுப்பட்டிருந்தது. ஒரே ஒரு தையல். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

கையைக் கழுவிக்கொண்டே அந்தப் பெண்ணைக் கேட்டார்: "ஏம்மா, முதல்லயே ஒரு டாக்டர்கிட்ட வரக்கூடாதா? அறிவு வேணாம்?"

"வந்தோங்களே. போன மாசம் இங்கதான் வந்தோம். இதெல்லாம் இங்க பண்றதில்ல, உங்க ஆளுங்ககிட்டயே போங்கன்னு திருப்பி அனுப்பிட்டீங்க."

"நானா?"

"நீங்க சொன்னதா இந்த நர்ஸம்மாதான் வாசல்ல வந்து சொன்னாங்க."

உண்மைதான். டாக்டர் உள்ளிருந்து சொன்னதை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். அன்று அவர்கள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. டாக்டர் துண்டில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஊசிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொதிக்கவைக்கப் போனேன். வெட்கத்தை மறைப்பதில் அவரும் நானும் கெட்டிக்காரர்கள்.

வழியில் மரம் போட்டிருந்தவர்கள் எப்படி விட்டார்கள் என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"நாலு எடத்துல மரம் கெடந்துச்சு. அவங்கதான் சைக்கிள தூக்கி அந்தாண்ட வெச்சாங்க. ஒருத்தரு புள்ளைய தோள்ல போட்டுகினு ஏறி எறங்கனாரு" என்றாள் அவள். தலைமையாசிரியர் டீயை எடுத்துக் குடித்தார்.

அப்பாவை மட்டும் நான் மெச்சிவிட முடியுமா? காலையில் அறுக்கும்போது பையன் கால்களைப் பிடித்துக்கொண்டதே அவர்தான். "எனக்கும் இப்பிடித்தான் பண்ணாங்க. நான் நல்லாத்தான இருக்கறன்" என்றார். தனக்கு நடந்ததைப் பிள்ளைக்கும் நடத்திவிட்டு நன்றாக இருப்பதாகச் சொல்கிற ஆண்களை எல்லா மதத்திலும் பார்த்திருக்கிறேன். அவர்களோடு பேசிப் பயனில்லை.

பையனிடம் குனிந்து, "வலிக்குதாடா?" என்றேன்.

"கிளி காட்டறன்னு சொன்னாங்க. மேல பாருன்னாங்க. கிளியே இல்ல."

"யாரு சொன்னா?"

அப்பா இருந்த பக்கம் கையை மட்டும் நீட்டினான். முகத்தைத் திருப்பவில்லை. அன்று பூராவும் அவன் சொன்ன குறை அது ஒன்றுதான்.

சாயங்காலத்துக்குள் வக்கீல் மனு எழுதிவிட்டார். மத வழக்கம் என்ற பேரில் சிறுவர்களுக்குச் சுன்னத்து செய்வதைத் தடை செய்ய வேண்டும். இந்தப் பையனின் தகப்பன் முதல் சாட்சி. கைநாட்டு வைக்கச் சொல்லி நீட்டினார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாங்கி உரக்கப் படித்தேன். இரண்டாம் வரியிலேயே காட்டுமிராண்டி என்று இருந்தது.

"இதுல கைநாட்டு வெச்சா இன்னா ஆவுங்க?" என்றாள் அந்தப் பெண்.

"சட்டம் வந்தா, செஞ்சவன உள்ள வைப்பாங்க. செய்யவெச்ச அப்பனையும் வைப்பாங்க" என்றார் வக்கீல்.

"அப்ப புள்ளைக்கு ரத்தம் கொட்டனா, பயந்துகினு வூட்டுலயே வெச்சிருக்கணுமா? இங்க தூக்கியாந்தா அவர புடிச்சிகினு பூடுவாங்களே."

வக்கீல் பேனாவை மூடிக்கொண்டார். "இவங்கள்லாம் திருந்தவே மாட்டாங்க சார்" என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். மனுவில் அவர்கள் மூவர் மட்டும் கையெழுத்திட்டு, பஸ் ஓடத் தொடங்கியதும் அரசாங்கத்துக்கு அனுப்பினார்கள். கிடைத்தது என்று ஒரு கார்டு வந்தது. அதை டாக்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். அதற்குப் பிறகும் இரண்டு குடும்பங்கள் சுன்னத்துக்காக வந்தன. இரண்டையும் திருப்பி அனுப்பினார். வாசலில் போய்ச் சொல்ல மாட்டேன் என்றேன். அடுத்த மாதம் வேறு நர்ஸ் வந்துவிட்டாள்.

சில வருஷம் கழித்துச் சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள்தான் அடையாளம் கண்டு வந்தாள்.

"சின்னவனுக்குப் போன வருஷம் பண்ணோம். சேலத்துல, ஊசி போட்டு. ஒரு சொட்டு ரத்தம் வரல."

"அவனக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்பான். அதான் கேக்கல." சிரித்தாள். பிறகு, "பெரியவன் மட்டும் இன்னும் அவங்க அத்தா சைக்கிள்ல ஏற மாட்டேங்கறான்" என்றாள்.

என் தோளில் மூன்று மாத மகள். முந்தின வாரம்தான் காது குத்தியிருந்தோம். ஒரு காது சீழ் பிடித்துச் சிவந்திருந்தது. அந்தப் பெண் அதை விரலால் தொடாமல் பார்த்தாள்.

"பாப்பாவ நீங்க கேட்டீங்களா?"

"ரெண்டும் ஒண்ணா?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"ஒண்ணில்லீங்க" என்றாள் அவள். வாதாடவில்லை. நைனார்பாளையம் பஸ் வந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறினாள். ஒன்றில்லைதான். இருந்தாலும் வீட்டுக்குப் போகிற வரைக்கும் மகள் காதின் மேல் முந்தானையைப் போட்டு மூடியிருந்தேன்.