பவளத்தின் மேல் குத்திய முத்திரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் பவளத்துக்கு முட்டி இரண்டும் வீங்கிப்போயின. மலையேறித் தேயிலைக் கொழுந்து கிள்ள முடியவில்லை. புருஷனும் இல்லை. தோட்டத்தில் வேலை இல்லாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட்டுவிட வேண்டியதுதான். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை காலியானதும் கேட்டாள்.

ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில், எல்லோர் முன்னாலும் தோட்டத்துக் கணக்கரான கிராணி சிவலிங்கம் சொன்னார். "ஒனக்கு இல்ல. ஒன் கேரக்டர் சரியில்லன்னு தொரைகிட்ட சொல்லிட்டேன்."

போன மாசம் அதே பெரட்டில் அவள், "ஒங்களுக்கு வேண்டியவளுக்கு ரோட்டோரச் சமதரை, எங்களுக்கு மலை உச்சியா கிராணியாரே?" என்று கேட்டிருந்தாள். அந்த எரிச்சல்தான் இது.

ஆனால் கேரக்டர் என்ற அந்த வார்த்தை அவளை அரித்தது. ஈப்போ பட்டணத்திலிருந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருந்த நளினி டீச்சரிடம் போனாள்.

"கேரக்டருன்னா என்னா டீச்சர்?"

"அது கிரேக்கச் சொல்லும்மா. மொதல்ல கீறி அடையாளம் போடுற கருவிக்குப் பேரு. அப்புறம் அந்த அடையாளத்துக்கே பேராச்சு. பின்னால, ஒரு ஆள மத்தவங்ககிட்டேருந்து பிரிச்சுக் காட்டுற கொணத்துக்கு ஆச்சு."

"தேயிலப் பெட்டியில மை தடவி மார்க் அடிக்கிறாங்களே, அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட அதான்."

"உள்ள தூளா குப்பையான்னு எவன் தொறந்து பாத்தான்? அடிச்சவன் கைதான் பேசுது!"

மறுநாள் துரையின் ஜீப்பை வழியில் மறித்தாள். தோட்ட மேனேஜரான துரை லண்டனிலிருந்து வந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. பக்கத்தில் கிராணி. பவளம் மூச்சு முட்டப் பேசினாள். அஞ்சு பிள்ளை வளர்த்ததை, வீங்கிய முட்டியை, வீடு போகப்போவதை, கிராணியின் ஓரவஞ்சனையை, ஒன்றுவிடாமல் கொட்டினாள். கிராணி துரையின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் நாலே வார்த்தை சொன்னார். துரை சிரித்துத் தலையாட்டினார். ஜீப் போய்விட்டது.

"அடப்பாவி மனுசா! அம்புட்டும் நாலு வார்த்தையில அடங்கிருச்சா?" என்று ஜீப் கிளப்பிய புழுதியைப் பார்த்துக் கத்தினாள்.

ஆயா வேலை கங்காணியின் கொழுந்தியா ருக்குமணிக்குப் போனது. மாசக் கடைசியில் வீட்டுச் சாவி வாங்க கிராணி வந்தார்.

"எங்க போற?"

"கம்போங் ராஜாவுல ஒரு காய்கறித் தோட்டத்துக்கு. ஒக்காந்து தக்காளி பொறுக்குற வேல. மொதலாளி சீனன். அவனுக்கும் மலாய் தெரியும், எனக்கும் தெரியும். நடுவுல ஒருத்தன் வாயத் தொறக்க வேண்டியதில்ல லா."

சாவியை அவர் நீட்டிய கையில் கொடுக்காமல் வாசற்படியில் வைத்துவிட்டு, லாரி நின்ற பக்கம் நொண்டிக்கொண்டே நடந்தாள்.