கங்காணி சுட்ட ரொட்டி

வழுக்கி விழுந்து என் மணிக்கட்டு முறிந்ததிலிருந்து அடுப்படி என் கணவர் வசம். இன்று காலை ரொட்டி கருகும் வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சமைத்த வாசனை அது.

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா கங்காணி. அவர் மேற்பார்வையில்தான் அம்மாவும் கொழுந்து பறித்தாள். பறித்த கொழுந்தை நிறுக்கும் நிறுவைக்கு முன் அப்பா ஒவ்வொரு கூடையிலும் கையை விட்டு, முத்தல் இலையைப் பொறுக்கி வீசுவார். அம்மாவின் கூடைக்கும் சலுகை கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் அம்மா மலையில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், எங்கள் அறையில் அப்பா முதன்முதலாக மாவு பிசைந்தார். தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு, புகையில் கண் சிவக்க அவர் சுட்ட ரொட்டி ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை மாவு. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அம்மா கட்டுப் போட்ட காலைச் சாக்கின் மேல் நீட்டிக்கொண்டு, சம்பலைத் தொட்டு முழுவதையும் தின்றாள்.

"ரொட்டி எப்படி இருக்கு புள்ள?" என்றார் அப்பா.

"நல்லாத்தாங்க இருக்கு."

கால் ஆறி அம்மா வேலைக்குப் போன முதல் நாள், பள்ளி விட்டு வந்த நான் நிறுவை நடக்கும் இடத்தில் நின்றேன். அப்பா வழக்கம்போல் அம்மாவின் கூடையிலிருந்து ஒரு முத்தல் இலையை எடுத்தார்.

"ஏங்க, நீங்க சுட்ட ரொட்டில ஒரு துண்டையாவது நான் தூக்கிப் போட்டேனா?"

அப்பா இலையைக் கூடையிலேயே திரும்பப் போட்டார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

இன்று என் கணவர் ரொட்டித் தட்டை நீட்டினார். "கொஞ்சம் கருகிருச்சு. அந்தப் பக்கத்தத் தள்ளிட்டுச் சாப்பிடு."

"எதையும் தள்ள வேணாங்க" என்று கரிப்பக்கமாகவே கடித்தேன்.